முதலில் ரத்த மாதிரியை எடுங்கள்

தமிழ்நாட்டின் காவல் ஆய்வாளர்களுக்கும், விபத்து வழக்குகளை விசாரிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை ராத்திரி ஆனால் நீங்கள் தடுப்பு வைத்து, வண்டி வண்டியாக நிறுத்தி ஊதச் சொல்வதைப் பார்க்கிறோம். நல்ல வேலை அது. 10,000 ரூபாய் அபராதம் என்ற பயத்திலேயே ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்க வந்தது வேறு. ஒருத்தர் குடித்துவிட்டு ஓட்டி, இன்னொருத்தர் மேல் வண்டியை ஏற்றியே விட்டார், அதற்கு அப்புறம் உங்கள் நிலையத்தில் என்ன நடக்கிறது?

ரத்தத்தில் இருக்கும் மது யாருக்காகவும் காத்திருக்காது. மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வீதம் குறைந்துகொண்டே வரும். ராத்திரி பத்து மணிக்கு மோதியபோது 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் இருந்தவருக்கு, இரண்டு மணிக்கு மாதிரி எடுத்தால் 20-தான் வரும். சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. ஆக, நாலு மணி நேரம் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தாலே போதும், குடிக்காதவராகிவிடுவார். குடித்து ஓட்டியதற்காக 185-ஆவது பிரிவில் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்வது உங்களுக்குத் தெரியாததில்லை. மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006-இல் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த 7 தொழிலாளர்கள் மீது காரை ஏற்றிக் கொன்றவருக்கு, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கான தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதிசெய்தது. அந்த வழக்கில் ரத்தப் பரிசோதனை அறிக்கை கையில் இருந்தது.

குடித்து ஓட்டிய ஒருத்தர் மோதி அடிபட்ட என் தம்பி விஷயத்தில் அது இல்லை. மோதியவர் வாயைத் திறந்தாலே வாடை அடித்தது, கூட்டமே பார்த்தது. மாதிரி எடுத்தது மறுநாள் காலையில். அது மட்டுமில்லை, ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலில், "பைக்கில் இருந்து தவறி விழுந்ததாக" என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். தூக்கி வந்தவர் பதற்றத்தில் என்ன சொன்னாரோ, எழுதியவர் என்ன கேட்டாரோ. தொடையெலும்பு இரண்டாக முறிந்து நினைவில்லாமல் கிடந்தவனிடம் யார் கேட்டிருக்க முடியும்? காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்த ஒரே வரியைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் வழக்கை இழுத்தார். வாக்குமூலம் வாங்க வார்டுக்கு வரும்போது அந்தப் பதிவை ஒரு முறை படித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது சமரசம். "குடித்து ஓட்டிய கேஸுக்கு இன்சூரன்ஸ் வராதும்மா, ஐம்பதாயிரம் தருகிறார்கள், வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள்" என்று எங்களிடமும் சொன்னார்கள். இது எவ்வளவு பெரிய பொய் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஓட்டியவர் குடித்திருந்தாலும், அடிபட்ட மூன்றாம் நபருக்கு முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் எத்தனையோ வழக்குகளில் உத்தரவு போட்டிருக்கின்றன. ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகை அடகுக்குப் போய்க்கொண்டிருக்கும் குடும்பத்திடம் காக்கிச் சட்டை போட்டவர் வந்து அப்படிச் சொன்னால் நம்பத்தான் செய்வார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள், நிலையத்தில் யாரையும் சொல்லவும் விடாதீர்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021-இல் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், என் தம்பி பிழைத்ததே அதனால்தான். ஆனால் 48 மணி நேரத்துக்கு அப்புறமும் அவன் வாழ வேண்டுமே. சுமை தூக்கிப் பிழைத்தவன், இன்றைக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை.

இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதக் கெடு என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் சொல்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், சரி, ஆனால் அதை நம்பி எந்தக் குடும்பமும் சும்மா இருக்க முடியாது. ஆறு மாதத்தில் பாதி, படுக்கையிலும் மறு ஆபரேஷனிலுமே போய்விடுகிறது. விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, சொந்த ஊரில் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் புரோக்கருக்கு எல்லாம் தெரிகிறது. வருவதில் இவ்வளவு சதவீதம் எனக்கு என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குகிறார்.

அவர் வருவதற்குள் நீங்கள் போய்விடலாம். 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் 2-ஆம் படிவத்தை 10 நாளுக்குள் குடும்பத்திடம் கொடுக்க வேண்டியதும் விசாரணை அதிகாரிதான். எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அந்தப் படிவத்தைத் தமிழில் அச்சடித்து, எஃப்.ஐ.ஆர். நகலோடு சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே வக்கீல் இலவசம். அவர்களுடைய 15100 என்ற எண்ணையும் அந்தத் தாளிலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.