பிரானிட்ஸ் பூங்காவுக்கும் ஒரு பங்கு தண்ணீர்: பிராண்டன்பர்க் மாநில அரசுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஜெர்மனியில், கோட்புஸ் நகர ஓரத்தில் இருக்கும் பிரானிட்ஸ் பூங்காவின் மரங்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் தமிழில்.

பூங்காவில் இருக்கும் மாளிகைக்காக நான் பரிந்து பேச வேண்டியதில்லை. 1772-இல் கட்டியது, பிறகு கட்டடக் கலைஞர் செம்பரின் யோசனைப்படி மாற்றியது. 1945-இல் புக்லர் குடும்பத்தின் கையை விட்டுப் போனாலும் அருங்காட்சியகமாகித் தப்பித்துக்கொண்டது. ஓடு உடைந்தால் வேறு ஓடு போடலாம்.

பூங்கா அப்படியில்லை. கடன் முற்றி 1845-இல் தன் முஸ்காவ் பண்ணையை விற்றுவிட்டு, இந்தப் பூங்காவை உருவாக்கிய புக்லர் பிரபு இங்கே குடியேறியபோது வயது அறுபதாகியிருந்தது. (பணத்துக்காக மனைவி லூசியின் சம்மதத்தோடே விவாகரத்து வாங்கி, இங்கிலாந்தில் பணக்காரப் பெண் தேடிய ஆள். பெண் அமையவில்லை.) கிடைத்ததோ மேடுபள்ளமில்லாத மணல் பூமி. ஏரி வெட்டினார், வெட்டிய மண்ணைக் குன்றுகளாக்கினார், இரண்டு மண் பிரமிடுகளும் எழுப்பினார். ஏரி நடுவே நிற்கும் பிரமிடில்தான் அவரும் லூசியும் அடக்கமாகியிருக்கிறார்கள். கன்று வளரும்வரை காத்திருக்க நேரமில்லாததால், வளர்ந்த மரங்களையே வேரோடு வண்டியில் ஏற்றிவந்து நட்டார்.

150 வயது தாண்டிய அந்த மரங்களை 2018-இல் தொடங்கிய வறட்சி வாட்டிவிட்டது. பூங்காக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தாக்குப்பிடித்த பழைய மரங்களின் விதையிலிருந்தே நாற்று வளர்க்கிறார்கள். சரி, நாற்றுக்கும் தண்ணீர் வேண்டுமே?

சிக்கல் அங்கேதான். நிலக்கரிச் சுரங்கங்கள் இறைத்துவிடும் நீர்தான் இத்தனை காலமும் கோட்புஸ் வழியே ஓடும் ஸ்பிரே ஆற்றின் ஓட்டத்தைத் தாங்கியது. 2038-க்குள் சுரங்கங்கள் மூடப்படும். வறண்ட கோடை மாதங்களில் ஆற்றுநீர் சில இடங்களில் 75 சதவீதம் வரை குறையலாம் என்று 2023-இல் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அலுவலகமே சொல்லியிருக்கிறது. பூங்காவிலிருந்து சற்றுத் தூரத்திலேயே, மூடிய சுரங்கக் குழியில் 19 சதுர கிலோமீட்டர் ஏரியை நிரப்ப ஸ்பிரே நீரைத்தான் விட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெர்லினின் குடிநீர், ஸ்பிரேவால்ட் சதுப்புநிலத்தின் கால்வாய்கள், புதிய ஏரிகள் என்று எல்லோரும் பங்கு கேட்கும் இடத்தில் பூங்காவுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

ஆகவே, நிலக்கரிக்குப் பிந்தைய நீர்ப் பங்கீட்டுத் திட்டத்தில் பிரானிட்ஸைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டடப் பழுதுக்கு ஒதுக்கும் பணத்தைப் போலவே தோட்டக்காரர்களின் சம்பளத்துக்கும் நிரந்தரமாக ஒதுக்குங்கள். கோடைக்குக் கோடை அவசர நிதி கேட்டு அவர்கள் அலையக் கூடாது.