மலையில் வேகப் பூட்டை எடுத்து என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "காசு கொடுத்து வாங்கிய சின்ன வண்டிக்குக் கம்பெனி எதற்கு வேகப் பூட்டுப் போட வேண்டும்? அதை எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று ஊட்டி மாணவர் ஒருவர் சென்ற இதழில் கேட்டிருந்தார். கோத்தகிரிப் பக்கம் இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சட்டம் இருக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன். மேட்டில் வண்டி நன்றாக ஏறும் என்று அவர் எதிர்பார்க்கும் பலன் பூட்டை எடுப்பதால் கிடைக்காது என்பதுதான் முதல் விஷயம்.

அவர் சொல்வது லைசென்ஸ் தேவைப்படாத மின்சார ஸ்கூட்டர். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் அது ஓடாமல் கம்பெனி வைக்கும் கட்டுப்பாடுதான் வேகப் பூட்டு. மோட்டார் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் சட்டம் அதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியோடு வண்டி 80 கிலோ, ஓட்டுகிறவர் 60 கிலோ. பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் 250 வாட் மோட்டார் இந்தச் சுமையை மணிக்கு ஆறேழு கிலோமீட்டருக்கு மேல் இழுக்காது. நம் ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் ஊர்களுக்குப் போகும் சாலைகளில் இதைவிடச் செங்குத்தான இடங்கள் உண்டு. மோட்டார் சிறிது நேரம் கூடுதலாக முக்கி இழுக்கும், பிறகு சூடாகிச் சோர்ந்துவிடும். 25-ஐத் தொடவே முடியாத இடத்தில் 25-இல் போட்ட பூட்டு எப்படித் தடையாகும்? வண்டி ஏறாததற்குக் காரணம் மோட்டாரின் சக்திதான். பூட்டைக் கழற்றினால் சக்தி கூடாது.

பல வண்டிகளில் அந்தப் பூட்டு என்பது சீட்டுக்கு அடியில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து வளைந்து வந்து ஒரு சின்ன கனெக்டரில் முடியும் மெல்லிய ஒயர். அதைப் பிடுங்கிவிட்டால் ஆயிற்று, அரை நிமிட வேலை. அதற்குக் கூலி வாங்கும் கடைகளும் இருக்கின்றன. இன்னும் துணிந்தவர்கள் கன்ட்ரோலரையே மாற்றிப் பெரியதாகப் போடுகிறார்கள். மின்னோட்டம் கூடுகிறது, ஆனால் பேட்டரியிலிருந்து வரும் ஒயரும் கனெக்டரும் பழையவையே. பிளாஸ்டிக் உருகி, ஆண் பெண் முனைகள் ஒட்டிப் போய், கருகிய வாடையோடு வண்டிகள் என் பட்டறைக்கு வருவது அதனால்தான். கேட்டால், "சும்மா ஓட்டிக்கொண்டிருந்தேன் அண்ணா" என்பார்கள்.

ஏற்றம் கிடக்கட்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், இறங்கும் உயரம் ஏறத்தாழ 1,450 மீட்டர். பெட்ரோல் பைக்கில் இரண்டாம் கியர் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்குள் மோட்டார் வைத்த இந்த ஸ்கூட்டரில் கியர் கிடையாது, பெரும்பாலும் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டும். 25-இல் போகும் வண்டிக்கென்று கொடுத்த சின்ன டிரம் பிரேக் அது. பூட்டை எடுத்துவிட்டு 45-இல் போனால் அது விழுங்க வேண்டிய ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேல். பிரேக்கின் உள்ளே உரசும் லைனிங் சூடேறி வழுவழுப்பான பிறகு லீவரை எவ்வளவு நெரித்தாலும் வண்டி நிற்காது. எதிரே தேயிலை மூட்டைகளோடு லாரி ஏறி வரும்போது இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நூறு சிசி பைக்குக்கு ரேசிங் சிடிஐ மாட்டித் தரச் சொல்லி வருகிறார்கள். சிடிஐ என்பது எஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி; எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழலலாம் என்று கம்பெனி வைத்த எல்லை அதில்தான் இருக்கும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். அந்த எல்லையை மலை ஏற்றத்தில் டாப் கியரில் எஞ்சின் எட்டவே எட்டாது. பழைய மெக்கானிக்குகள் இங்கே செய்தது நேர் எதிரான வேலை. பின் சக்கரத்துக்குப் பல் கூடுதலான ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் மாட்டும் பல்சக்கரம் போடுவார்கள். உச்ச வேகம் குறையும், இழுவை கூடும். மலைக்கு வேண்டியது அதுதான்.

இனிச் சட்டம். பூட்டை எடுத்த அந்த நிமிடமே ஸ்கூட்டர் மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பதிவு, காப்பீடு, லைசென்ஸ் மூன்றும் வேண்டும், மூன்றும் கிடையாது. யார் மீதாவது மோதினால் இழப்பீடு முழுவதும் வீட்டுச் சொத்திலிருந்து போகும். ஓட்டியவர் 18 வயது ஆகாதவரானால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. பிளஸ் டூ முடித்து டிரைவர் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் அதிகம் உள்ள மாவட்டம் இது.

இவ்வளவு சொன்னாலும் அந்தத் தம்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சமவெளியில் கடைத்தெருவுக்குப் போய்வரச் செய்த வண்டியை "எந்த மேடும் ஏறும்" என்று சொல்லி இங்கே விற்றிருக்கிறார்கள். ஏறவில்லை என்று திரும்பி வந்தவரிடம் "லாக் எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்கிறார்கள். விதிக்கு மாறாக வண்டியை மாற்றி விற்கும் டீலருக்கு வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அதே திருத்தத்தில் இருக்கிறது. நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் சாலையில் பையன்களை நிறுத்துவதோடு, மாதம் ஒரு முறை ஷோரூம்களுக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும். வாங்குகிறவர்களும் முன்பணம் கட்டுமுன், வீட்டுக்குப் போகும் மேட்டில் ஆளும் சுமையுமாக வண்டியை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
அரவேனு, கோத்தகிரி வட்டம்.