ஜெலட்டின் பாளமும் நம் கடலோர வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக் கைவேலைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பகுதியில், வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால் கூழாக இறுகும் ஜெலட்டின் தூளைக் கொண்டு வீட்டிலேயே பாளம் வார்த்து, அதன்மீது மை பூசி, இலைகளைப் பரப்பி, மேலே தாளை அழுத்தி அச்செடுக்கும் முறை விளக்கப்பட்டிருந்தது. எந்திரமோ உளியோ வேண்டாத இக்கலையைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தியது நல்ல செயல். எனினும், தண்ணீரும் ஜெலட்டினும் மட்டுமே கொண்ட அந்தக் கலவை இராமநாதபுரம் கடலோரத்துக்கு ஒத்துவராது.

ஜெலட்டின் கூழ் ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இளகிவிடும். மே மாதத்தில் மண்டபத்திலும் தொண்டியிலும் நிழலிலேயே அந்தச் சூடு உண்டு. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாளம் சிறிது நேரத்திலேயே ஓரங்களில் கசியத் தொடங்கும். சில நாட்களில் பூஞ்சையும் பிடிக்கும். நீரில் பாதிக்குப் பதிலாகக் கிளிசரின் சேர்த்தால் பாளம் உறுதிப்படுவதோடு, காயாமலும் கெடாமலும் மாதக்கணக்கில் இருக்கும். ஜெலட்டின் தூள் 85 கிராமுக்குக் கிளிசரின் 350 மில்லி, கொதிநீர் 350 மில்லி என்பது பலரும் கையாளும் அளவு. தூளை முதலில் கிளிசரினில் கட்டியில்லாமல் கலந்து, பிறகே கொதிநீரை ஊற்றி நுரை எழாதவாறு மெதுவாகக் கிளற வேண்டும். கலவையையே அடுப்பில் கொதிக்கவிட்டால் ஜெலட்டினின் இறுகும் தன்மை குறைந்துபோகும். தட்டில் வார்த்தவுடன் மேலே நிற்கும் குமிழிகளைச் செய்தித்தாள் துண்டால் ஒருமுறை வழித்துவிடலாம் (பழைய தங்கள் நாளிதழே போதும்). பாளம் கிழிந்தால், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி மீண்டும் வார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் வெயில் படும் திண்ணையில் வைத்தால் இதுவும் இளகும் என்பதால், காலை வேளையே அச்சுக்கு ஏற்றது.

அப்பகுதி சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. ஜெலட்டின் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. கீழக்கரையிலும் இராமேசுவரத்திலும் இதை அறிந்தால் தயங்கும் பெற்றோர் பலர் இருப்பார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்வதுதான் முறை. அவர்களுக்கான மாற்று, நோன்பு நாட்களில் பாலோடு காய்ச்சப்படும் கடல்பாசிதான். பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் அகர் அது. இறுகிவிட்ட அகர், 85 டிகிரி அளவுக்குச் சூடேறும்வரை உருகாது என்பதால் நம் வெயில் அதை ஒன்றும் செய்யாது. அதன் குறை, நெகிழ்வின்மை. தாளை வெடுக்கென்று இழுத்தால் பாளம் விண்டுவிடும், நீரும் கசியும். கிளிசரின் சேர்த்து, சிறிய அளவில் கனமாக வார்த்தால் பிள்ளைகளுக்குப் போதுமானது. இலை நரம்பு துல்லியமாக விழ வேண்டுமென்றால் ஜெலட்டினே மேல் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அச்செடுக்க இலை மட்டும்தானா? கரையில் ஒதுங்கும் பாசிகளைவிட அழகான பொருள் நமக்கு வேறில்லை. நன்னீரில் உப்புப் போக அலசி, பழந்துணியில் ஒற்றியெடுத்து, உருளையால் மெல்லிதாக மை பூசிய பாளத்தின்மீது பரப்ப வேண்டும். முதல் தாளில் பாசியின் வடிவம் வெள்ளையாக விழும். பாசியை எடுத்துவிட்டு இரண்டாம் தாளை வைத்து அழுத்தினால், அதன் கிளைகள் நூலிழைபோல் பதியும். பாளத்தைக் கிழிக்கும் சிப்பிகள் வேண்டாம். பவளத்தை எடுப்பதோ சட்டப்படி குற்றம். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்குள்ளும் பாசி தேடிச் செல்லக் கூடாது.

அடுத்த இணைப்பில் கிளிசரின் கலந்த அளவையும், ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்ற குறிப்பையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
மண்டபம்.