காலைப் பிடிக்காமல் விட்டவர்களுக்கு நன்றி

அம்மாவுக்கும், பிசியோதெரபிஸ்ட் அவர்களுக்கும், எதிர்வீட்டு மாமிக்கும் வணக்கம்.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்து 6 வருடங்கள் ஆகின்றன. நரம்பைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கிச் சிதைக்கும் நோய். காலையில் கண் விழித்தால் முழங்கால் மடங்காது, கெண்டைக்கால் கட்டையாக இறுகிக் கிடக்கும். மாத்திரையால் பாதிதான் இளகும்.

சென்ற கார்த்திகையில், மழை கொட்டிய ஒரு மாலை, பிசியோதெரபிஸ்ட் அவர்கள் எங்கள் கூடத்தில் பாய் விரிக்கச் சொன்னார். மல்லாந்து படுத்து, உள்ளங்கால்களைச் சேர்த்து, முழங்கால்களை விரித்து, இடுப்பைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு இடுப்பை இறக்கி, முழங்கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்க வேண்டும். மூன்றாவது முறை நெருக்கியபோது தொடையின் உட்புறம் அதிரத் தொடங்கியது. அமெரிக்கரான டேவிட் பெர்செலி வகுத்த, உடலின் இறுக்கத்தைத் தளர்த்தும் டி.ஆர்.இ. என்ற பயிற்சி முறை இது. அந்த அதிர்வைத் தடுக்காமல் விடுவதுதான் பயிற்சியே.

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து என் கணுக்கால்களை இறுகப் பற்றிக்கொண்டாள். வலிப்பு என்று நினைத்துவிட்டாள்.

"பிடிக்காதீர்கள் அம்மா. காலை நீட்டினால் நின்றுவிடும்" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

நீட்டினேன். நின்றது. இந்த 6 வருடங்களில் என் கால் என் சொல் கேட்டது அன்றுதான்.

அம்மா, நீ கையை எடுத்தாயே, அதற்கு நன்றி. பெற்ற பெண்ணின் கால் நடுங்கும்போது பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது லேசான காரியமா!

"இது நோயைக் குணப்படுத்தாது, இறுக்கம் தளர உதவலாம், அவ்வளவுதான். மருந்தை நிறுத்தாதீர்கள். உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடருவோம், களைப்பு வருமுன் நிறுத்துவோம்" என்று முதல் நாளே சொன்னவர் பிசியோதெரபிஸ்ட். ஒரே மண்டலத்தில் குணமாக்குகிறேன் என்ற ஒருவரிடம் பணத்தைத் தொலைத்திருந்த எங்களுக்கு அந்த நேர்மையே பாதி வைத்தியம்.

மாமி, கத்திரி வெயிலில் மின்சாரம் போன அந்த மதியத்தை மறக்கவே மாட்டேன். உடல் சூடேறினால் எங்கள் நரம்புகளில் செய்தி ஓடுவது தடுமாறும், பார்வைகூட மங்கும். உடற்பயிற்சிக்குப் பின் இப்படிப் பார்வை மங்குவதை ஜெர்மன் மருத்துவர் ஊட்டாஃப் 1890லேயே கவனித்திருக்கிறார். நீங்கள் எதையும் விசாரிக்கவில்லை. ஐஸ் தண்ணீரில் பிழிந்த துண்டை என் பிடரியில் போட்டு, உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் மின்விசிறிக்கு அடியில் படுக்க வைத்தீர்கள். ஒரு மணி நேரத்தில் சுவரில் இருந்த காலண்டரின் தேதி தெளிவாகத் தெரிந்தது.

இப்போதெல்லாம் பாய் விரிப்பது அம்மாதான். கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரில் உட்காருகிறாள். ஐந்தாவது நிமிடம் "காலை நீட்டு" என்கிறாள். நீட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்,
நங்கநல்லூர், சென்னை