தண்ணீரின் மேல் ஏட்டை மறந்துவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் நீர்நிலைகளில் பெருகுவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் ஒரு இடத்தில் இடறுகிறது. தண்ணீருக்குள் பாக்டீரியா, சர்க்கரை கரைந்த மாதிரி, மேலும் கீழும் ஒரே சீராகப் பரவிக் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. குளமோ கடலோ, காற்றைத் தொடுகிற இடத்தில் தலைமுடி கனத்துக்கு, சுமார் 50 மைக்ரோமீட்டர், ஒரு மெல்லிய ஏடு இருக்கிறது. நெரிசல் அங்கேதான்.

காற்றில்லாத நேரத்தில் தேங்கிய தண்ணீரைச் சாய்வாகப் பாருங்கள். மேலே விழுந்த தூசு தனித்தனியாக மிதக்காமல் பாய் விரித்தது போல ஒட்டிக்கிடக்கும், லேசாக ஊதினால் மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கும். அடியிலிருந்து வந்த கொழுப்பும் புரதமும் பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருள்களும் சேர்ந்த படலம் அது. மேலே ஏறும் காற்றுக் குமிழிகள் வழியில் அகப்படும் பாக்டீரியாவையும் ஒட்டவைத்துக்கொண்டு வந்து இங்கே இறக்கிவிடுகின்றன. இந்த இடத்தில் குடியிருக்கும் உயிர்களுக்கு எய்னார் நௌமான் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி 1917இலேயே நியூஸ்டன் என்று பெயர் வைத்துவிட்டார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் நம் பேச்சில் அது வரவில்லை.

சரி, கூட்டமாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். பாக்டீரியா மரபணுவைத் தன் வாரிசுக்கு மட்டும் கொடுப்பதில்லை, பக்கத்தில் இருப்பவனுக்கும் கொடுக்கும், அவன் வேறு இனமாக இருந்தாலும்கூட. ஒரே இனத்துக்குள் இப்படி மரபணு கலப்பதை லெடர்பெர்க், டேட்டம் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1946இலேயே காட்டினார்கள். பல பாக்டீரியாக்களில் இது நடக்கும் விதம், ஒன்று மெல்லிய இழையை நீட்டி இன்னொன்றைப் பிடித்து அருகே இழுக்கும், பிறகு பிளாஸ்மிட் என்கிற சின்ன டி.என்.ஏ. வளையத்தின் இரண்டு இழைகளில் ஒன்று அந்தப் பக்கம் போகும், இரண்டு செல்களும் தத்தம் மறுபாதியை நிரப்பிக்கொள்ளும், ஆக கொடுத்தவனுக்கும் நஷ்டமில்லை. நடுத்தர அளவு பிளாஸ்மிட் போய்ச்சேர சில நிமிஷம் போதும். ஆனால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், பிடித்த பிடி கலையவும் கூடாது. கலக்கிக்கொண்டே இருக்கும் தண்ணீரில் சரியாகக் கைமாறாத சில பிளாஸ்மிட்கள், செல்கள் ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டியிருக்கும்போது சுலபமாகக் கைமாறிவிடுகின்றன. மேல் ஏட்டில் அப்படி ஒட்டி நிற்க வசதி இருக்கிறது.

அங்கே வாழ்க்கை சுகம் என்றும் இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் நேராக விழுகிறது, கன உலோகங்களும் எண்ணெயில் கரையும் பூச்சிக்கொல்லிகளும் கீழே இருப்பதைவிடச் செறிவாகச் சேர்கின்றன. என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். பாதரசத்தைத் தாங்கும் மரபணுவும் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் பல பிளாஸ்மிட்களில் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கின்றன. அதனால் மருந்து ஒரு சொட்டுகூடக் கலக்காத தண்ணீரிலும், உலோகத்துக்குப் பிழைத்தவன் மருந்துக்கும் பிழைக்கிறவனாக இருந்துவிடலாம். உங்கள் கட்டுரை மருத்துவமனைக் கழிவோடு நின்றுவிட்டது. (இந்தப் பரிமாற்றம் எல்லாமே கெடுதல் என்று சொல்ல வரவில்லை, எண்ணெயைச் சிதைக்கும் மரபணுக்கள் சிலவும் பிளாஸ்மிட்டில்தான் இருக்கின்றன.)

அப்புறம் மாதிரி எடுக்கும் விஷயம். மேலே மிதக்கும் அழுக்கு சேரக்கூடாது என்று, பாட்டிலை முப்பது சென்டிமீட்டர் போல ஆழத்தில் அமுக்கித் தண்ணீர் பிடிப்பதுதான் பல இடங்களில் வழக்கம். நானும் மாணவனாக இருந்தபோது அப்படியே பிடித்திருக்கிறேன். தண்ணீரின் பொதுவான தரத்தை அறிய அது சரியான முறைதான். ஆனால் மருந்தைத் தாங்கும் மரபணு கைமாறும் இடத்தைத் தேடுகிறோம் என்றால், தேடுகிற இடத்தையே ஒதுக்கிவிட்டு மற்றதைப் பிடிக்கிறோம். பெரிய கருவி எதுவும் வேண்டாம், சுத்தமான கண்ணாடித் தகட்டைச் செங்குத்தாக இறக்கி மெதுவாக மேலே இழுத்தால் ஏடு அதில் ஒட்டி வரும், ரப்பர் பட்டையால் வழித்து பாட்டிலில் சேர்க்கலாம். கை வலிக்கும், அவ்வளவுதான்.

அடுத்த முறை தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளை வெளியிடும்போது, எந்த ஆழத்தில் பிடித்த தண்ணீர் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் படித்த ஒரு வாசகன்