தம்புராவுக்கு ஒரு விண்ணப்பம்

அன்புள்ள தம்புரா,

ஆர்கெஸ்ட்ராவில் வைத்த பட்டப்பெயரிலேயே உன்னைக் கூப்பிடுகிறேன், கோபிக்காதே. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது சுருதி விலகுகிறது. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை, கணக்கு சரியாகிவிட்டது. மெட்ரோனோம் மாமா இப்போது பேரனுக்குத் தாளம் போட்டு மிரட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அந்தக் குழந்தைக்கு நம் இருவரின் அனுதாபங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதி இசைப்பள்ளியில் தந்தி வாத்தியங்களுக்கு ஆசிரியர்கள் எடுக்கிறார்கள். தேர்வுக் குழுவில் என்னையும் போட்டுவிட்டார்கள். சிரிக்காதே, வேறு ஆள் கிடைக்கவில்லையாம். மேசை முழுக்க விண்ணப்பங்கள்.

படிக்க ஆரம்பித்தபோது அசந்துதான் போனேன். ஆளாளுக்கு யாரோ ஒரு மேதையின் சீடருக்குச் சீடர். ஒருவர் தன் வம்சாவளியைப் பெரிய வயலின் ஆசான் லியோபோல்ட் ஆவர் வரை கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். ஹைஃபெட்ஸ், மில்ஸ்டைன் போன்ற வயலின் மேதைகள் படித்த வகுப்பு, சும்மாவா? ஆனால் இங்கே கற்றுக்கொள்ள வரப்போவது யார்? ஐந்து வயது வாண்டு, பள்ளிக்கூடம் முடிந்து களைத்து வரும் பையன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முதன்முதலாகச் செல்லோவைத் தொடும் ஓர் அம்மாள். நுழைவுத் தேர்வு கிடையாது, வந்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1894-இல் நியூயார்க்கில், குடியேறி வந்த ஏழைகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தேர்ட் ஸ்ட்ரீட் பள்ளியின் நாளிலிருந்தே இந்த மாதிரிப் பள்ளிகளின் நோக்கம் அதுதான். எங்கள் விண்ணப்பப் படிவமோ என்ன பட்டம், எந்த ஆர்கெஸ்ட்ரா, யாரிடம் பாடம் என்று மூன்றே கேள்வியோடு முடிந்துவிடுகிறது.

மாதிரி வகுப்பில் குட்டு வெளிப்பட்டது. ஆவர் வம்சக்காரர் முன்னால் ஒரு சிறுமியை நிறுத்தினோம். அவளிடம் இருந்தது இரவல் வாங்கிய அரை அளவு வயலின். தந்தியை முறுக்கும் பிரடை நழுவிக்கொண்டே இருந்தது. மனிதர் சுருதி சேர்க்கப் போராடி, கடைசியில் தன் வயலினை எடுத்து வாசித்துக் காட்டினார். தேவலோகம்! ஆனால் அந்தப் பெண் பாடநேரத்தில் பாதியை வேடிக்கை பார்த்தே கழித்தாள்.

அடுத்து வந்தவர் பள்ளிக்கூட ஆர்கெஸ்ட்ராவில் வேலை பார்த்தவர். வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் நான்கையும் சுமாராக வாசிப்பார், எதிலும் பெரிய வித்வான் இல்லை. பிரடையை உள்பக்கம் அழுத்தியபடி திருகினார், நின்றுவிட்டது. இடது மணிக்கட்டை வயலின் கழுத்தில் சாய்த்து வைத்திருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வில்லை வாங்கி வைத்துவிட்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார். கட்டைவிரல் மடங்கி, சுண்டுவிரல் நுனி மேலே உட்காரும்வரை அந்தப் பென்சிலோடே விளையாட்டு. அதன் பிறகுதான் வில். முதல் இழுப்பிலேயே கீச்சுச் சத்தம் குறைந்தது. மணிக்கட்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அது அடுத்த வாரம். ஒரு நாளைக்கு ஒன்று போதும்" என்றார்.

இன்னொருவர் குருவின் வீட்டிலேயே இருந்து கர்நாடக வயலின் கற்றவர். தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து வயலின் நம்மோடு இருக்கிறது, ஆனாலும் குழுவில் ஒருவர் மேற்கத்திய இசைத் தேர்வை மனதில் வைத்து அவரிடம் "எத்தனையாவது கிரேடு?" என்று கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பட்டம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லைடா. கையைத் தப்பாகப் பழக்கிவிட்டால் பிற்காலத்தில் தோள்வலிதான் மிச்சம், முறையாகப் படித்தவருக்கு அது தெரியும். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு வயலின் சொல்லித்தர ஒரு முறையையே உருவாக்கிய ஷினிச்சி சுஸுகியே எங்கள் படிவத்தை நிரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பார். அப்பாவுக்கு வயலின் தொழிற்சாலையே இருந்தும், 17 வயதுவரை அவர் வாசிக்கவில்லை. வயலின் கலைஞர் மிஷா எல்மனின் இசைத்தட்டைக் கேட்டுவிட்டுத் தானாகத் தடவித் தடவிக் கற்றார். அதற்கப்புறம்தான் பெர்லினில் கார்ல் கிளிங்லரிடம் பாடம். "தாமதமாகத் தொடங்கியவர்" என்று முதல் சுற்றிலேயே கழித்திருப்போம். அப்படித் தடுமாறிக் கற்றவருக்குத்தான் அந்தச் செல்லோ அம்மாளின் கூச்சம் புரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது உன் கதை. "மேடையை விட்டு ஓடியவன் யாருக்கு என்ன சொல்லித்தருவது" என்று போன தடவை போனில் சொன்னாயே, அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. வயலின் ஆசிரியர்களில் பெரிய பெயர் இவான் கலாமியன், 1924-இல் பாரிஸில் அரங்கேறியவர். படபடப்பு, உடம்புக் கோளாறு, கற்றுக்கொடுப்பதில் இருந்த ஆசை எல்லாம் சேர்ந்து மேடையை விட்டார். 1946-இலிருந்து நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் சொல்லிக்கொடுத்தார். பெர்ல்மன், ஸுக்கர்மன் போன்ற வயலின் மேதைகள் அவர் கையில் வளர்ந்தவர்கள். நீ கலாமியன் இல்லை, தெரியும். இடது கையை மேலே நகர்த்தி மூன்றாம் பொசிஷனுக்குப் போனால் உன் சுருதி எப்போதும் கொஞ்சம் தாழ்வாகத்தான் நிற்கும். ஆனால் வில் நடுங்கினால் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று உனக்குத் தெரிந்த அளவு விண்ணப்பம் போட்டவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது. ஒத்திகைக்கு முன்னால் கைகால் உதறிய சின்னப் பையன்களை எல்லாம் ஓரமாகக் கூட்டிப்போய்த் தேற்றியது யார்? நானா?

வயோலாவுக்கு இதுவரை உருப்படியாக யாரும் வரவில்லை. மாத முடிவு வரை நேரம் இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவில் இருந்த வருஷங்களை ஒரே வரியில் முடித்துவிட்டு, யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாய், எங்கே சிக்கினார்கள் என்று மிச்சத்தை எழுது. மேடையை ஏன் விட்டாய் என்பதையும் எழுது, மறைக்காதே. உன் பெயர் வரும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன், மார்க் போட மாட்டேன். அதனால் சிபாரிசுக் கடிதமும் என்னிடம் கேட்காதே. நோட்ஸ் அண்ணனிடம் கேள், அவர் கையெழுத்துக்கே பாதி மார்க் விழும்.

அன்புடன்,
உன் இரண்டாம் வயலின்