பதினேழாவது மண்டபம்

அன்பு மாப்ளே,

நாலு மாதமாகக் கடிதம் போடவில்லை, தப்புதான், திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியக்காவுக்கு நீ கொடுத்தனுப்பிய முறுக்கில் என் பங்கு வந்து சேரவில்லை. அந்தக் கணக்கை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக. போன செவ்வாய் விடியற்காலை அப்பா கனவில் வந்தார்.

மகாமகக் குளம். நடுத்தண்ணீரில் கடை முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பஞ்சர் பார்க்க டியூபைப் பேசினில் முக்குவாரே, அதே மாதிரி குளத்தில் முக்குகிறார். இழுக்க இழுக்க டியூப் வந்துகொண்டே இருக்கிறது. மேலே வரும் ஒவ்வொரு குமிழுக்குள்ளும் ஒரு சின்ன விளக்கு. சத்தமே இல்லை. கரையில் மண்டபங்களை எண்ணினேன், 17. அங்கே 16தான் என்று நமக்குத் தெரியாதா! அப்பா கடைசிவரை முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் அவர்தான்.

எழுந்ததும் பாப்பாவின் கணக்கு நோட்டில் பென்சிலால் கிறுக்கிவைத்தேன். நல்லவேளை. பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் பாதி மறந்துபோயிருந்தது.

அப்புறம்தான் பெரும்பாடு. நாலு தாள் வீணாயிற்று. முக்காலிக்கு நிழல் போட்டேன், உடனே படத்தில் சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டது. கனவில் மணியே கிடையாது. தூரம், கிட்டம் எல்லாம் சரியாக வைத்தேன், காலண்டர் படமாகிவிட்டது. கை பழக்கத்தில் 16 மண்டபத்தோடு நிறுத்திக்கொண்டது. கனவில் முழுக் குளத்தையும் மேலிருந்து பார்த்தேன், அதே சமயம் அப்பாவின் மணிக்கட்டு முடி கண்ணுக்கு நேரே தெரிந்தது. இதை எப்படி ஒரே தாளில் கொண்டுவருவது?

டிராயிங் மாஸ்டர் காட்டிய, ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் படம் நினைவிருக்கிறதா? 1525 ஜூனில், வானத்திலிருந்து வெள்ளம் கொட்டுவதாகக் கனவு கண்டு, உடம்பெல்லாம் நடுங்க எழுந்து, காலையில் நீர்வண்ணத்தில் வரைந்தாரே, அதுதான். கீழேயே எழுதியும் வைத்தார்: முதல் வெள்ளம் நாலு மைல் தள்ளி விழுந்தது, அடுத்தடுத்தவை அவ்வளவு உயரத்திலிருந்து வந்ததால் மெதுவாக விழுவதுபோல் இருந்தது என்று. முயலின் முடியை ஒவ்வொன்றாக வரைந்த கை அது. இங்கே நீலம் ஒழுகும் தூண்களும் பொடிப்பொடி மரங்களும்தான். அன்று எனக்கு அது அவசர வேலையாகத் தெரிந்தது. கண்டதற்கு மேல் ஒன்றும் சேர்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது புரிகிறது மாப்ளே.

ஐந்தாவது தாளில் நிழல் கிடையாது. பழைய ஓவியங்களில் குளத்தை மேலிருந்தும் மீனைப் பக்கவாட்டிலும் வரைவார்களே, அப்படிக் குளத்தை மேலிருந்து போட்டு, அப்பாவைப் பக்கத்திலிருந்து உட்காரவைத்தேன். 17 மண்டபமும் இருக்கின்றன. தண்ணீர் முழுக்க நிப்புக் கோடுதான், இரண்டு ராத்திரி ஆயிற்று. விளக்குகளுக்கு வண்ணம் வைக்கவில்லை, தாளின் வெள்ளையை விட்டுவிட்டேன். சுற்றிலும் கோடு நெருங்க நெருங்க அவை தாமாகவே எரிகின்றன. முதல் குமிழ் எரிந்தபோது அழுதுவிட்டேன்.

ஒரே ஓர் இடம்தான் காலியாக இருக்கிறது. குமிழ் வந்த இடத்தில் அப்பா கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, மறுகையால் உப்புத்தாளை எடுப்பாரே, அந்தக் கட்டைவிரல் எந்தக் கை? கனவில் பார்த்தேன், பிடிபடவில்லை. லீவுக்கு லீவு கடையிலேயே கிடந்தவன் நீ. அம்மாவைக் கேட்க மனசு வரவில்லை.

இடதா, வலதா? உடனே எழுது. தாளைப் பலகையிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கிறேன்.

உன்
மாப்ளே